ஓசூர் வீட்டுத் தோட்டத்தில் மணமுள்ள ஹைபிரிட் டீ ரோஜாக்கள்: ஒரு கவாத்திலிருந்து அடுத்த கவாத்து வரை

ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் விளையும் தாஜ்மகால் வகைச் சிவப்பு ரோஜாவை ஆவலோடு மூக்கருகே கொண்டுபோகிறவர்கள், வாசமே இல்லையே என்று வியப்பதை இந்த ஊரில் அடிக்கடி காணலாம். அந்தப் பூவில் குறையொன்றும் இல்லை. வெட்டுமலர் வணிகத்துக்கான வகைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் நீண்ட தண்டையும் தடித்த இதழையும் பெட்டியில் அடைபட்டுப் பல நாள் பயணம் செய்தாலும் வாடாத உறுதியையுமே முதலில் பார்த்தார்கள். மணம் அந்தத் தேர்வில் பின்னுக்குப் போய்விட்டது. வீட்டு வாசலில் பூப்பதற்கு இந்தக் கட்டாயங்கள் எவையும் இல்லை. மூன்று நாளில் இதழ் உதிர்ந்தாலும் அந்த மூன்று நாளும் தோட்டம் மணக்க வேண்டும் என்பதே என் விருப்பமாக இருந்ததால், கிழக்குச் சுவரையொட்டிய நீளமான பாத்தியில் மணத்துக்குப் பெயர் பெற்ற ஹைபிரிட் டீ வகைகளை மட்டும் நட்டேன். அந்தப் பாத்தியை ஓராண்டு முழுவதும் எப்படிப் பேணினேன், எது பயன் தந்தது, ஏன் தந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஹைபிரிட் டீ என்ற வகுப்பு 1867இல் பிரான்சின் லியோன் நகரத்தில் கியோ என்ற நாற்றங்கால் குடும்பத்தார் வெளியிட்ட லா பிரான்ஸ் என்னும் ரோஜாவிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன, ஆண்டு முழுதும் மீண்டும் மீண்டும் பூக்கும் டீ ரோஜாக்களையும், ஐரோப்பாவில் உருவான, குளிரைத் தாங்கும், மணம் மிகுந்த ஹைபிரிட் பெர்பெச்சுவல் ரோஜாக்களையும் கலந்ததில் பிறந்த வகுப்பு இது. ஒரு தண்டுக்கு ஒரு பூ, உயர்ந்து குவிந்த நடுமொட்டு, திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பு ஆகியவை இதன் அடையாளங்கள். மணம் மட்டும் எல்லா வகைகளிலும் ஒரே அளவில் வந்து சேரவில்லை. உலகப் புகழ் பெற்ற பீஸ் ரோஜாவுக்குக்கூட மணம் மெல்லியதுதான். ஆகவே நிறத்தையும் உருவத்தையும் பார்த்துச் செடி வாங்கிவிட்டு, பிறகு உரம் போட்டு மணத்தை வரவழைத்துவிடலாம் என்று எண்ணுவதற்கு இடமில்லை. வகைத் தேர்வுதான் முதல் வேலை.

நான் தேர்ந்தவை நான்கு வகைகள். பாப்பா மெய்லாண்ட், மொட்டில் ஏறக்குறையக் கறுப்பாகத் தோன்றும் அடர்சிவப்பு. 1963இல் பிரான்சில் வெளியானது. மிஸ்டர் லிங்கன், 1964இல் அமெரிக்காவில் வெளியானது. ஆளுயரத்துக்கு வளரக்கூடிய, நீண்ட தண்டுள்ள சிவப்பு. இந்த இரண்டுக்கும் பெற்றோர் ஒன்றே: கிறைஸ்லர் இம்பீரியல் என்ற ரோஜாவையும் சார்ல் மாலரின் என்ற ரோஜாவையும் கலந்து, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு இனப்பெருக்குநர்கள் இவற்றைப் பெற்றார்கள். மூன்றாவது டபுள் டிலைட், 1977. பாலாடை நிற இதழ்களின் விளிம்பில் சிவப்பு படரும், காரமும் இனிப்பும் கலந்த மணம் உடையது. நான்காவது ஃப்ராக்ரன்ட் கிளவுட்; ஆரஞ்சு கலந்த பவளச் சிவப்பு, எலுமிச்சைச் சாயல் கொண்ட கூர்மையான மணம். அமெரிக்க ரோஜாச் சங்கம் மணத்துக்கென்றே வழங்கும் கேம்பிள் விருதைப் பாப்பா மெய்லாண்ட் 1974இலும் டபுள் டிலைட் 1986இலும் மிஸ்டர் லிங்கன் 2003இலும் பெற்றிருக்கின்றன. விருது பெற்ற செடி நம் மண்ணில் நோயின்றி வளரும் என்று பொருளில்லை. ஆனால் மணம் இருக்குமா என்ற ஐயம் நீங்குகிறது.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் இந்தச் செடிகளுக்கு நேரும் கோடைத் துன்பத்தில் ஒரு பகுதி இங்கே குறைவு. இருந்தாலும் இடத் தேர்வில் நான் மிகக் கவனம் எடுத்துக்கொண்டேன். காலை வெயில் விடிந்ததும் விழ வேண்டும்; இரவுப் பனி இலையில் தங்கியிருக்கும் நேரத்தை அதுதான் குறைக்கிறது. ஆறு மணி நேர நேர்வெயில் கிடைத்த பிறகு, பிற்பகல் மூன்று மணிக்குமேல் நிழல் விழுந்தால் பங்குனி, சித்திரை மாதங்களில் இதழ் விளிம்பு கருகுவதில்லை. டபுள் டிலைட்டை வரிசையில் மிக வெளிச்சமான இடத்தில் வைத்தேன். அதன் சிவப்பு, வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டால்தான் படரும், நிழலில் பூத்தால் வெளிறிய பாலாடை நிறத்திலேயே நின்றுவிடும். வெண்தூளாகப் படியும் சாம்பல் நோய்க்கு எளிதில் ஆட்படும் பாப்பா மெய்லாண்டைக் காற்று தடையின்றி வீசும் வரிசை முனையில் வைத்தேன்.

ஆடியில் நட்டேன். குழி ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழம்; செடிக்குச் செடி 80 சென்டிமீட்டர் இடைவெளி. தோண்டிய செம்மண்ணில் மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரமும், குழிக்கு ஓரிரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும், ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் கலந்து, இரண்டு வாரம் நனைத்து ஆறவிட்ட பிறகே நட்டேன். நாற்றங்காலில் வாங்கும் ஒட்டுச் செடிகளின் வேரைச் சுற்றிச் செங்கல் போல இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே புதைத்தால் சுற்றியுள்ள பொலபொலப்பான மண்ணில் ஊற்றும் தண்ணீர் உருண்டைக்குள் புகாமல் விலகி ஓடிவிடும். செடி ஈர மண்ணின் நடுவே தாகத்தில் நிற்கும். பையைக் கிழித்தபின் உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்புற வேர்கள் கண்ணுக்குத் தெரியும்வரை விரலால் களியைக் கரைத்து எடுத்தேன். நடு உருண்டையை உடைக்கவில்லை.

நடும் ஆழத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டுக் கட்டிய முடிச்சை மண்ணுக்குள் புதைக்கச் சொல்லும் குறிப்புகள் பனி உறையும் நாடுகளுக்கானவை. உறைபனியிலிருந்து ஒட்டைக் காப்பாற்றுவதே அங்கே நோக்கம். நமக்கு அந்த ஆபத்து இல்லை. முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் இருந்தால் அழுகல் வராது, ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேறு ரோஜாவான வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் போத்துகளும் உடனே கண்ணில் படும்.

போத்துகளை விட்டுவைத்தால் ஓராண்டில் ஒட்டுச் செடியையே அவை விழுங்கிவிடும். முடிச்சுக்குக் கீழேயிருந்து, இலை நிறமும் முள்ளின் அமைப்பும் மாறுபட்டு, வேகமாக வளரும் கிளைதான் போத்து. ஏழு சிற்றிலை இருந்தால் போத்து, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று சொல்லும் வழக்கத்தை நான் நம்புவதில்லை. ஹைபிரிட் டீயின் வலுவான கிளைகளிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்பதை மண்ணை விலக்கிப் பார்ப்பதே உறுதியான சோதனை. போத்தைக் கத்தரியால் வெட்டினால் அடிக்கட்டையிலுள்ள கண்களிலிருந்து, அதாவது தளிர் விடும் முனைகளிலிருந்து, ஒன்றுக்கு மூன்றாகக் கிளம்பும். ஆகவே தோன்றும் இடம்வரை மண்ணை நீக்கி, கையுறை அணிந்து, கீழ்நோக்கி இழுத்து அடியோடு பிய்த்தெடுக்கிறேன்.

முதல் ஆண்டில் நுனிகளைக் கிள்ளியதற்குமேல் எதுவும் செய்யவில்லை. முழுமையான முதல் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் செடியைப் புதுப்பிக்கும் வேலை, இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் வந்தது. இங்கே காலம்தான் சிக்கல். வட இந்தியச் சமவெளியில் அக்டோபர் நடுவில் மழை ஓய்ந்துவிடுவதால் அங்கே அதுவே கவாத்துக் காலம். நமக்கோ ஐப்பசி அடைமழைக் காலம். வெட்டுக் காயம் ஈரத்தில் நாள்கணக்கில் நனைந்து நின்றால் நுனிக்கருகல் நோய்க்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. எனவே நாட்காட்டியை விட்டுவிட்டு வானிலையைப் பார்த்தேன். தீபாவளியையொட்டி மழை சில நாள் வெறித்து, இலைகள் காலை ஒன்பது மணிக்குள் காய்ந்துவிடும் இடைவெளி வந்தபோது கத்தரியை எடுத்தேன். கவாத்து செய்த ஆறு முதல் எட்டு வாரத்தில் பூ வரும் என்பதால் மார்கழியில் தொடங்கிப் பொங்கல் தாண்டியும் முதல் அலை நிற்கும் என்பது கணக்கு, அப்படியே நடந்தது.

எவ்வளவு வெட்டுவது என்பதில் வெளிநாட்டுக் குறிப்புகளை நான் பின்பற்றவில்லை. முழங்காலுக்குக் கீழே குட்டையாக வெட்டும் முறை, குளிரில் இலையுதிர்த்து முழு உறக்கத்துக்குப் போகும் செடிகளுக்குப் பொருந்தும். நம் செடி உறங்குவதில்லை. அடுத்த தளிருக்கு வேண்டிய உணவு தண்டிலும் இருக்கிற இலைகளிலும்தான் இருக்கிறது. ஆகவே உயரத்தில் பாதிக்குமேல் குறைக்கவில்லை. முதலில் காய்ந்த கிளைகள், பிறகு பென்சிலைவிட மெல்லியவை, பிறகு உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசுபவை என்று நீக்கி, செடிக்கு நான்கைந்து வலுவான தண்டுகளை நிறுத்தினேன். ஒவ்வொரு தண்டையும் வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, கண்ணின் எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்டினேன். மிஸ்டர் லிங்கன் இயல்பிலேயே நெட்டையாக வளர்வதால் அதை இடுப்பளவில் நிறுத்தினேன். பாப்பா மெய்லாண்ட் மெதுவாகத் தளிர்க்கும் செடி என்பதால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் எடுத்தேன். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது கத்தரி அலகை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தேன்.

நுனிக்கருகல்தான் நம் பக்கத்தில் ஹைபிரிட் டீ ரோஜாக்களை உண்மையில் சாகடிக்கும் நோய். வெட்டிய நுனி முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், அந்தக் கருமை நாளுக்கு நாள் கீழே இறங்கி, ஒட்டு முடிச்சைத் தொட்டுவிட்டால் செடி முடிந்தது. வெளியே பச்சையாகத் தெரியும் தண்டை வெட்டினால் உள்ளே நடுச்சோறு பழுப்பாக இருக்கும். அந்தச் சோறு தூய வெண்மையாகத் தெரியும் இடம்வரை சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். பாதி வழியில் இரக்கப்பட்டு நிறுத்தினால் நோய் உள்ளேயே தங்கிவிடும்.

வெட்டு வாய்களுக்குப் போர்டோ பசை பூசுகிறேன். கடையில் கிடைக்கும் தாமிரப் பூசணக்கொல்லியைக் குழைத்துப் பூசுவதும் உண்டு. ஆனால் வீட்டில் புதிதாகச் செய்த பசை மழைக்கு நன்றாக ஒட்டி நிற்கிறது. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. வேறொரு வாளியில் 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி ஆறவிட வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மரக்குச்சியால் விடாமல் கிளற வேண்டும். வானநீல நிறத்தில் குழம்பாக வரும். துருவில்லாத பளபளப்பான கத்தி ஒன்றைச் சில நிமிடம் அதில் நிறுத்தி எடுத்தால், அதன்மேல் செம்பு நிறம் படிந்திருக்கக் கூடாது. படிந்திருந்தால் கலவையில் தாமிரம் மிகுந்திருக்கிறது, அது தளிரைப் பொசுக்கும் என்று பொருள். இன்னும் சிறிது சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி சோதிக்க வேண்டும். பசையைச் செய்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். பென்சில் கனத்துக்குமேல் உள்ள வெட்டு வாய்கள் எல்லாவற்றிலும் சிறு தூரிகையால் பூசினேன். பூசியவற்றில் பெரும்பாலானவை சுத்தமாகக் காய்ந்து மூடின. ஒரு மிஸ்டர் லிங்கனில் மட்டும் அடித்தண்டில் நோய் ஏற்கெனவே இறங்கியிருந்தது. எவ்வளவு கீழே வெட்டியும் வெண்மையான சோறு தெரியவில்லை, முடிச்சுவரை கறுத்துப் போனதால் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்தேன்.

உரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கவாத்து முடிந்ததும் செடிக்கு ஒரு கூடை தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் வேருக்கு வெளிவட்டத்தில் கொத்திக் கலந்து, மேலே காய்ந்த இலைச் சருகால் நான்கு விரற்கடை தடிப்பில் மூடாக்கு இட்டேன். தளிர் விட்ட பிறகு மாதம் இருமுறை, லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவில் பஞ்சகவ்யம். தழைச்சத்தை வாரி இறைத்தால் இலை பெருத்துத் தண்டு மென்மையாகும். அசுவினியும் சாம்பல் நோயும் அந்த மென்மையைத்தான் தேடி வருகின்றன.

தண்ணீர் விஷயம் அப்படி எளிதாக முடியவில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு விடும். அத்தகைய நீரைத் தொடர்ந்து பாய்ச்சும்போது மண்ணின் காரத்தன்மை ஏறி, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்பதே அதற்கு அடையாளம். முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் காரணம் வேறு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து மாலையில் இலைமேல் தெளித்ததில் அடுத்த இரண்டு வாரத்தில் புதுத் தளிர் பச்சையாக வந்தது. இது தற்காலிக மருந்துதான். மொட்டை மாடி மழைநீரைச் சேர்த்து, அதைக் கிணற்று நீரோடு மாற்றி மாற்றிப் பாய்ச்சத் தொடங்கிய பிறகே மஞ்சள் திரும்பத் திரும்ப வருவது குறைந்தது.

மார்கழியில் மொட்டுகள் கூடவே சாம்பல் நோயையும் அழைத்து வந்தன. பகலில் உலர்ந்த வெயில், இரவில் 15 பாகைக்குக் கீழே இறங்கும் குளிர், காற்றில் ஈரப்பதம்: சாம்பல் பூசணத்துக்கு இதுதான் வேண்டும். கரும்புள்ளி நோய்க்கு இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அது தேவையில்லை, நீர்த்துளி படிந்தால் அதன் வித்துகள் முளைப்பதுகூடத் தடைப்படும். ஒரே செடியின் இரண்டு முக்கிய நோய்கள் எதிரெதிரான நிலைமைகளை விரும்புவதால், ஒன்றுக்குச் சொல்லும் மருத்துவம் மற்றொன்றுக்கு ஆவதில்லை. பாப்பா மெய்லாண்டின் மொட்டுக் காம்பில் வெண்தூள் தெரிந்ததும் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளித்தேன். கந்தகம் குளிர்ந்த நாளில்தான் பாதுகாப்பானது. 32 பாகைக்குமேல் வெயில் ஏறும் நாளில் இலையைப் பொசுக்கும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளிப்பதும் அதே தீங்கைச் செய்யும்.

பெருமொட்டு ஒன்றின் கீழே வரும் பக்க மொட்டுகளைக் கடலைப் பருப்பளவு இருக்கும்போதே கிள்ளிவிட்டேன். முதல் பாப்பா மெய்லாண்ட் விரிந்தபோது கவனித்த ஒன்று, மணத்தைப் பற்றிய என் எண்ணத்தையே தெளிவாக்கியது. மார்கழி விடியலில், பனி மூடிய ஆறரை மணிக்கு அந்தப் பூவில் மணம் அநேகமாக இல்லை. வெயில் பாத்தியில் விழுந்து இதழ் வெதுவெதுப்பான ஒன்பது மணியளவில், இரண்டடி தள்ளி நின்றாலே தெரிந்தது. உச்சிப் பொழுதின் உலர்ந்த காற்றில் மறுபடி குறைந்தது. ரோஜாவின் மணம் ஜெரானியால், சிட்ரோனெல்லால், ஃபீனைல் எத்தனால் முதலிய எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது. குளிரில் அவை அதிகம் ஆவியாவதில்லை; வெயிலும் காற்றும் மிகுந்தால் வந்த வேகத்தில் கலைந்துவிடுகின்றன. மழை பெய்து ஓய்ந்த, காற்றில்லாத இளவெயில் காலைதான் ஹைபிரிட் டீ ரோஜாவை முகர ஏற்ற நேரம். பூவும் பாதி விரிந்த நிலையில் இருக்க வேண்டும். மகரந்தம் பழுப்பேறிய முழு மலரில் மணம் ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

இந்த மணப்பொருள்கள் இதழிலேயே உருவாகின்றன. 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், மணம் மிகுந்த பாப்பா மெய்லாண்டையும் மணம் குறைந்த ரூஜ் மெய்லாண்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, நுடிக்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதி இதழில் முனைப்பாக இயங்கினால்தான் ஜெரானியால் உருவாகிறது என்று கண்டார்கள். மற்றத் தாவரங்களில் இதே பொருள் உருவாகும் வழி வேறு. ரோஜா தனக்கென ஒரு வழியை வைத்திருக்கிறது. எந்த நொதி எவ்வளவு இருக்கும் என்பது வகையின் பிறவிக் குணம். அதைத் தோட்டக்காரர் மாற்ற முடியாது. ஆனால் அந்த நொதி வேலை செய்வதற்கான மூலப்பொருள் முழுவதும் இலை சேர்த்து அனுப்பும் சர்க்கரையிலிருந்து வருகிறது. ஒரு செடி இலையை இழந்து நின்றால், அடுத்து வரும் பூ சிறுத்து, இதழ் குறைந்து, மணமும் மங்கித்தான் வருகிறது என்பதை என் பாத்தியில் தெளிவாகப் பார்த்தேன். மணம் வேண்டும் என்பவர் பூவைவிட இலையை அதிகம் கவனிக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

பூப்பறிப்பதையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் செய்கிறேன். தண்டில் குறைந்தது இரண்டு ஐந்திலைக் கொத்துகளாவது மீதமிருக்கும்படி, வெளிநோக்கிய கண்ணுக்கு மேலே வெட்டுகிறேன். வாடிய பூவை நீக்குவதும் அதே இடத்தில்தான். நீளத் தண்டு வேண்டும் என்று இளஞ்செடியை அடியோடு வெட்டினால் அடுத்த அலைக்கான உணவுக் களஞ்சியமே போய்விடுகிறது.

மாசிக்குப் பிறகு இலைப்பேனும் சிவப்புச் சிலந்தியும் வந்தன. இலைப்பேன் தாக்கிய மொட்டு விரியாமல் விளிம்பு கருகி நிற்கும். வெளிர் நிறப் பூவுள்ள டபுள் டிலைட்டில் இது மிகுதி. வெதுவெதுப்பான தண்ணீரில் காதி சோப்பைக் கரைத்து, அதில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கலந்து, மொட்டு நிறம் காட்டுவதற்கு முன்பே மாலையில் தெளித்தேன். நிறம் காட்டிய மொட்டில் தெளித்தால் இதழில் வேப்பெண்ணெய் வாசம் படிந்துவிடும், வளர்த்த நோக்கமே கெட்டுப் போகும். தேனீக்கள் வரும் நேரமும் அது. சிவப்புச் சிலந்தி இலையின் அடிப்பக்கத்தில் குடியிருந்து சாற்றை உறிஞ்சுவதால் இலை மேல்புறம் வெளிறிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கோடை வெப்பத்தில் ஒரு வாரத்திலேயே முட்டை முழுச் சிலந்தியாகிவிடுவதால் ஒருமுறை மருந்து தெளித்து நிறுத்துவதில் பயனில்லை. காலை வேளையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் செய்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. வெயில் காலமாதலால் இலை உடனே காய்ந்து, கரும்புள்ளிக்கு இடம் கிடைக்கவில்லை. முதிர்ந்த தண்டுகளில் செதில் பூச்சி ஒட்டியிருந்த இடங்களை மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் தேய்த்து நீக்கினேன். முதல் கோடை மழைக்குப் பின் இரவில் இலையைத் தின்ன வந்த வண்டுகளைக் கைவிளக்கோடு சென்று பொறுக்கினேன்.

ஆண்டின் கடினமான பகுதி ஆவணியிலும் புரட்டாசியிலும் வரும் கரும்புள்ளி நோய்தான். இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தால் பூசணம் உள்ளே புகுந்துவிடும். ஓரம் சிலும்பிய கரும்புள்ளிகள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளாகி, இலை உதிரும். 1900இல் பிரெஞ்சு இனப்பெருக்குநர் பெர்னே துஷே வெளியிட்ட சோலேய் தோர் என்ற மஞ்சள் ரோஜா வழியாகவே நவீன ரோஜாக்களில் அடர்மஞ்சளும் ஆரஞ்சும் வந்தன. அந்த மரபோடு கரும்புள்ளிக்கு எளிதில் ஆட்படும் தன்மையும் வந்ததென்று ரோஜா வளர்ப்போர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். என் பாத்தியில் ஃப்ராக்ரன்ட் கிளவுட்தான் முதலில் பாதிக்கப்படுகிறது. பூசணம் உதிர்ந்த இலைகளில் தங்கி, மழைத்துளி தெறிக்கும்போது கீழ் இலைகளில் ஏறுகிறது. எனவே மழைக்கு முன்பே மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம்வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, பழைய மூடாக்கை அகற்றிப் புதியது இட்டேன்; உதிர்ந்த இலைகளை அன்றாடம் பொறுக்கி எரித்தேன். தண்ணீரை வேரடியில் மட்டும், விடிகாலையில் மட்டும் விட்டேன். அடைமழை வாரங்களில் லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப், 1 கிராம் கார்பென்டசிம் என்ற இரண்டு பூசணக்கொல்லிகளையும் மாற்றி மாற்றித் தெளித்தேன். ஒரே மருந்தைத் தொடர்ந்தால் பூசணம் அதற்குப் பழகிவிடும். இப்படித் தெளித்த செடியின் இதழ்களைக் குல்கந்து செய்யவோ பிள்ளைகள் வாயில் போடவோ விடக்கூடாது. உண்பதற்கு வேண்டுமானால் மருந்தே படாத பன்னீர் ரோஜாச் செடி ஒன்றைத் தனியிடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இவ்வளவும் செய்தும் ஃப்ராக்ரன்ட் கிளவுட் பாதி இலைகளை இழந்தது. மற்றவை பெரும்பாலான இலைகளோடு அடுத்த கவாத்துக்கு வந்து சேர்ந்தன. நம் வெப்பத்தையும் மழையையும் தாங்கும் ரோஜாக்களை உருவாக்க, கொடைக்கானலில் ரோஜா இனப்பெருக்குநர் எம். எஸ். வீரராகவன் மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியா, வெப்பநிலத்து ரோசா கிளைனோஃபில்லா என்ற காட்டு ரோஜாக்களைக் கொண்டு கலப்புகள் செய்தார். ஐரோப்பியக் குளிருக்காக உருவான செடிகளை மருந்தால் தாங்கிப் பிடிக்கும் என் போன்றவர்களுக்கு அந்த முயற்சியின் அருமை நன்றாகவே புரியும்.

மிஸ்டர் லிங்கன் செத்த குழி காலியாகவே இருக்கிறது. ரோஜா நின்ற மண்ணில் உடனே இன்னொரு ரோஜாவை நட்டால் புதிய செடி தேங்கிப் போவது பலரும் கண்ட அனுபவம். ஆகவே அந்தக் குழியின் மண்ணை 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு முழுவதும் அள்ளி எடுத்து, காய்கறிப் பாத்திக்கு மாற்றிவிட்டு, அந்தப் பாத்தியின் மண்ணை இங்கே நிரப்பியிருக்கிறேன்; தை முதல் செண்டுமல்லி விதைத்துவிட்டு ஆடியில் அதைப் பிடுங்கிவிடுவேன். அங்கே வைக்க 1935இல் ஜெர்மனியின் கோர்டெஸ் வெளியிட்ட கிரிம்சன் குளோரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மணத்துக்கான கேம்பிள் விருதை முதன்முதலாக 1961இல் பெற்ற ரோஜா அது. கழுத்து மெலிந்து பூ தலை கவிழும் என்பது அதன் குறை. பாத்தியின் அந்த முனை திண்ணைச் சுவரைவிடத் தாழ்ந்திருப்பதால் கவிழ்ந்த பூவைக் கீழிருந்து பார்க்க முடியாது. எனவே குழியின் மட்டத்தை ஒரு முழம் உயர்த்தி, சுற்றிலும் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறேன்.